சென்னை நகரத் தலைமையும் சிறார் கல்வியும்

மேயர் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் தோன்றுவன தெருவும், சாக்கடையும், குடிநீர்க் குழாயும், தெருவிளக்குமேயாம். விழா நாட்களில் அவர் அணியும் செந்நிற அங்கியையும் கழுத்திற் பூணும் சங்கிலியையும் நினைப்பாரும் உளர். பள்ளிக்கூடத்தை அச்சொல்லோடு சேர்த்து எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும், சென்னையில் மேயர் என்னும் பதவி பிறந்த அன்றே, பள்ளிக்கூடம் ஒன்று கட்டுவதும் உபாத்தியாயர் ஒருவர்க்குச் சம்பளம் கொடுப்பதும் அப்பதவியைச் சார்ந்த கடமைகளாக எண்ணப்பட்டன. அக்கடமை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஏட்டளவிலேயே கிடந்தது. பின்னர், நெசவுத் தொழில் மரபில் வந்த பெருமகனார் ஒருவர் அந்நகரத் தலைமையில் அமர்ந்து, தலைக்கு ஓரணாச் செலவில் அதற்கு உயிரூட்டினார். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஒருவாறு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

கிழக்கிந்தியக் கும்பெனியார் சென்னைக் கோட்டையை அமைத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், நகரின் செலவு நாளுக்கு நாள் பெருகுவதையும், அச்செலவு முழுதும் தம் தலைமேலேயே விழுவதையும் கண்டு கவலையுற்றனர். அக்காலத்தில் லண்டனில் கும்பெனியின் காரியங்களில் முதன்மை பெற்றிருந்தவர் சர் ஜோசையா சைல்டு என்பார். அவர் கூர்மதி படைத்த வணிகர். கும்பெனியார் தம் அதிகாரத்தால் ஆறு பென்னி வரி விதித்தால் முகஞ்சுளிக்கும் மக்கள், தம்மவர் அடங்கிய ஒரு சபை பொதுநன்மைக்கென ஐந்து ஷில்லிங் விதித்தாலும் மனமொப்பித் தருவர் என்பது அவர் கொண்ட கருத்து. அக்கருத்தின்படியே 1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சாசனம் ஒன்று எழுதப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கப்பெற்றது. இந்திய நாட்டிற் தோன்றிய நகராண்மைக் கழகங்களுள் இதுவே முதன்மையானது. நத்தானியல் ஹிக்கின்சன் என்பவர் முதல் மேயர். அவர்க்குத் துணையாக ஆல்டர்மன் என்னும் மூப்பர் பன்னிருவர் அமர்ந்தனர். அப்பன்னிருவருள் ஆங்கிலேயரேயன்றிப் போர்த்துக்கேசியரும், யூத வணிகரும், நம் நாட்டு வணிகர் மூவரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

இக்கழகத்தார் வரி தண்டுதற்கு உரிய காரணங்களாகக் கூறப்பட்டவை யாவை? நகர மண்டபம் ஒன்று, சிறைச்சாலை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. அப்பள்ளியும் வெள்ளையர் பிள்ளைகட்கென்று அமைக்கக் கருதியதன்று. இந்நாட்டுச் சிறுவர்க்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்பித்து, கணக்கும் வணிகர் பேரேட்டு முறையும் பயிற்றுவதற்கென்றே அது கருதப்பட்டது. கும்பெனியார்க்குத் தம் பண்டகசாலையில் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர் நோக்கம் அறம் என்று கொள்ளுதல் வேண்டா. எந்நோக்கத்தால் எழுந்ததாயினும், நகரத் தலைவர் நகரத்துப் பிள்ளைகட்குப் பள்ளி அமைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டில் எழுத்தில் ஏறியது அன்றுதான்.

எழுத்தில் ஏறியது செயலில் இறங்கவில்லை. சைல்டு போட்ட கணக்குப் பொய்த்தது. தம்மவர் மூவர் சபையில் இருந்தாலும், சபையினர் விதித்தாலும், வரி வரியே என்று நகரத்தார் கருதினர். கடுமையாக எதிர்த்தும் நின்றனர். நேர்வரி தண்டவே இயலவில்லை. மேயரும் மூப்பரும் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டு, வீதிகளைத் துப்புரவு செய்தற்கு வேண்டும் பொருளுக்கு மட்டும் வேறு வழி தேடலாயினர். குப்பை மூக்கின்முன் நின்று நாறும். கல்லாமை அங்ஙனம் நாறுவதில்லை. ஆதலின் வீதி முந்திக்கொண்டது, பள்ளி பிந்தியது. இவ்வரிசை மாறுதற்கு நெடுங்காலம் சென்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்துச் சென்னைக் கவர்னர் எலிஹூ யேல் என்பவர். 1687 முதல் 1692 வரை அப்பதவியில் இருந்து, இந்நகர வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவர். ஆண்டுகள் பல கழிந்தபின், அமெரிக்காவிற் கனெக்டிகட் என்னும் பகுதியில் நிறுவப்பட்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் 417 நூல்களையும், ஒன்பது பொதி சரக்கையும், அரசர் உருவப்படம் ஒன்றையும் அனுப்பினார். அச்சரக்கை விற்ற பணத்தால் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. 1718ஆம் ஆண்டில் அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று உலகமெங்கும் அறியப்பட்ட யேல் பல்கலைக்கழகம் அதுவே. சென்னையில் ஈட்டிய செல்வம் கடல்கடந்து ஒரு கல்லூரிக்குப் பெயர் தந்தது. அவர் ஆண்ட சென்னையிலோ சாசனத்திற் கண்ட பள்ளிக்கூடம் எழவில்லை. இதனைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு நகைப்பதா வருந்துவதா என்பது தோன்றுவதில்லை.

பின்வந்த காலத்தை விரைந்து கடப்போம். 1726ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட புதிய சாசனம் மேயரையும் ஆல்டர்மன்மாரையும் பெரும்பாலும் வழக்குத் தீர்க்கும் நியாயசபையாக ஆக்கிவிட்டது. 1801ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு நிறுவப்பட்டபின் மேயர் என்னும் பெயரே இந்நகரை விட்டு அகன்றது. அதனால் நாட்டில் கல்வி அற்றுப்போயிற்று என்று எவரும் எண்ணற்க. கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் தொடங்கிய விசாரணையால், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தமை தெரியவந்தது. இவற்றுட் பெரும்பாலன திண்ணைப் பள்ளிகள். உபாத்தியாயர்க்கு நெல்லும் காசும் கொடுக்க இயன்ற வீட்டுப் பிள்ளைகள் அங்கே மணலில் எழுதிக் கற்றனர். கொடுக்க இயலாதவர் பிள்ளைகளுக்கும், பிறப்பினால் விலக்கப்பட்டவர் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை எட்டாத உயரமாகவே இருந்தது. ஊர்ப் பொதுப்பணத்தில் யாவர்க்கும் பொதுவான பள்ளி என்பது வேறு பொருள். அதனை ஊராளும் சபையன்றிப் பிறர் செய்தல் அரிது.

மேயர் பதவி நமக்கு வந்தது இங்கிலாந்திலிருந்து. அந்நாட்டிலேயே அப்பதவியைக் கல்விக்குக் கருவியாக்கிய ஒருவரை ஈண்டு நினைவு கூர்தல் தகும். பர்மிங்காம் நகரில் திருகாணி செய்யும் தொழிலை நடத்தி வந்த ஜோசப் சேம்பர்லேன் என்பார், 1869ஆம் ஆண்டில் அந்நகரில் தோன்றிய தேசியக் கல்விச் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராயிருந்து, கல்வி எல்லார்க்கும் இலவசமாகவும் கட்டாயமாகவும் அளிக்கப்பட வேண்டும் என்று கிளர்ச்சி செய்தார். 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்தோறும் பள்ளிச் சபைகள் ஏற்பட்டன. பள்ளிச் சபை பணம் கேட்டால், வரி தண்டிக் கொடுப்பது நகர சபையின் பொறுப்பு. இவ்விரு சபையும் பல ஊர்களிற் கீரியும் பாம்பும்போல் இருந்தன. சேம்பர்லேனோ 1873ஆம் ஆண்டில் பர்மிங்காம் பள்ளிச் சபைக்கும் தலைவரானார்; அவ்வாண்டு நவம்பரில் நகர மேயரும் ஆனார். கேட்குங் கையும் கொடுக்குங் கையும் ஒருவர் கையாயின. 1876 வரை இரண்டையும் நடத்தினார். நகரத்து வாயு விளக்குத் தொழிலையும் குடிநீரையும் நகர சபையே ஏற்று நடத்துமாறு செய்தவரும் அவரே. வணிகர் ஒருவர் தம் தொழிலில் பயின்ற திறமையைப் பொதுக்காரியத்தில் செலுத்தினால் யாது நிகழும் என்பதற்கு அவரைக் காட்டுவதுண்டு. பிற்காலத்து அரசியலில் அவர் கொண்ட கொள்கைகள் எமக்கு உடன்பாடல்ல. அது வேறு கதை.

இனி, சென்னைக்கு மீள்வோம்.

1919ஆம் ஆண்டுச் சென்னை நகர முனிசிபல் சட்டம் வரும்வரை, நகர சபையின் தலைவர் அரசாங்க உத்தியோகஸ்தராகவே இருந்து வந்தார். அச்சட்டம் இரண்டு அலுவல்களைப் பிரித்தது. நிர்வாகம் கமிஷனரிடம் சென்றது; சபைக்குத் தலைமை வகிப்பவர் சபையினரால் தேர்ந்தெடுக்கப்படலாயினர். அங்ஙனம் வந்த உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியார் அவர்கள். 1852ஆம் ஆண்டில் தேவாங்கர் குலத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். நெசவு, தோல் வாணிகம் முதலியவற்றில் ஈடுபட்டவர். எந்நாளும் வெண்ணிற ஆடையே அணிந்தமையால் வெள்ளுடை வேந்தர் எனப் பெயர் பெற்றவர். தலைமை அவர்க்கு வந்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. நகர சபையில் அங்கத்தினராக அவர் கழித்த காலமோ நாற்பதாண்டுக்கு அணித்து. எந்தத் தெருவில் எந்தப் பள்ளி, அதிற் பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்பன அவர்க்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவன அல்ல.

1920ஆம் ஆண்டு இரண்டு வகையாற் சிறந்தது. அவ்வாண்டிலேதான் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறி, நகர சபைகள் கல்வி வரி விதிக்கவும், கட்டாயக் கல்வி தொடங்கவும் வழி பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிலேதான் தியாகராயர் தம் சபையின்முன் ஒரு சிறு பிரேரணையை வைத்தார். ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள நகர சபைப் பள்ளியின் மாணவர்க்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவிற் சிற்றுண்டி அளிக்க வேண்டும் என்பதே அது. அதற்கு அவர் சொல்லிய காரணம் மிக எளிது: அப்பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், ஏழைமையினால் பள்ளிக்கு வருவோர் தொகை குறைகின்றது. சபை உடன்பட்டது.

கட்டாயக் கல்விச் சட்டம் எழுதும் அறிஞர் எழுதுகோலால் பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்கின்றனர். பிள்ளையின் வயிறோ வேறிடத்துக்கு அழைக்கின்றது. இவ்விரண்டில் எது வெல்லும் என்பது உபாத்தியாயத் தொழில் செய்வார் அனைவர்க்கும் தெரியும். யாம் இருபதாண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருகின்றோம். முற்பகல் முதற்பாடவேளையிலே மேசைமேல் தலைசாய்க்கும் பிள்ளையைத் தூக்கத்துக்காகக் கடிந்துகொள்ளும் புதிய ஆசிரியர், சில திங்களுக்குள் கடிவதை விட்டுவிடுவார். காலையில் யாது உண்டாய் என்று மெல்லக் கேட்கக் கற்றுக்கொள்வார். இலக்கணம் எத்துணை இனிதாகச் சொல்லினும் வெறுவயிற்றின் செவியில் ஏறுவதில்லை. தியாகராயர் ஆசிரியரல்லர், ஆயினும் ஆசிரியர் அறிந்த உண்மையை அறிந்து, அதற்கு நகரத்துக் கணக்கில் ஒரு தலைப்பு ஏற்படுத்தினார்.

ஓரணா என்பது ரூபாயிற் பதினாறில் ஒரு கூறு. நூறு பிள்ளைகட்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் நான்கு அணா. இதனை இக்காலத்து இளைஞர் அறியும்பொருட்டே விரித்தெழுதினோம். ஆயிரம் விளக்கில் தொடங்கிய ஏற்பாடு பின்னர் வேறு நான்கு பள்ளிகட்கும் விரிந்தது. அதன் பயன் மாணவர் தொகையிற் புலப்பட்டது. 1922-23ஆம் ஆண்டில் அப்பள்ளிகளிற் படித்தவர் 811 பேர். 1924-25ஆம் ஆண்டில் 1,671 பேர். ஈராண்டில் இரட்டிப்புக்கு மேலாயிற்று. அத்தனை பேர்க்கும் ஓரணா வீதம் கொடுத்தாலும் நாட்செலவு 104 ரூபாய் 7 அணாவைத் தாண்டாது. அரசாங்கத்தார் எத்துணையோ பொருளைச் செலவழித்தும், இன்ஸ்பெக்டர்களை அனுப்பியும், அறிக்கைகள் எழுதியும் பெறாத பயனை ஒரு பலகாரம் பெற்றுத் தந்தது.

இதன்பின் நிகழ்ந்ததை எழுதக் கை கூசுகின்றது. சிற்றுண்டிச் செலவு ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து செய்யப்பட்டது. அந்நிதி கல்விக்கு உரியது, உணவுக்கு உரியதன்று என்று மாகாண அரசாங்கத்தார் தடை கூறினர். 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியோடு சிற்றுண்டி நின்றது. தியாகராயர் அப்போது நகரத் தலைமையில் இல்லை. அவ்வாண்டிலேயே அவர் இவ்வுலக வாழ்வையும் நீத்தார்.

தடை கூறியவர் யாவர் என்று வினவுதல் வரலாறு எழுதுவார் கடன். மாகாணத்தில் அப்போது மந்திரிகளாயிருந்தோர் தியாகராயர் தாமே முன்னின்று வளர்த்த நீதிக்கட்சியினர். கல்வி மந்திரிகள் பொறுப்பில் விடப்பட்டிருந்த துறை. 1920ஆம் ஆண்டில் முதல் மந்திரிப் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏற்க மறுத்துப் பிறரை அமர்த்தியவர் தியாகராயர். அவர் விட்டுக்கொடுத்த இடத்திலிருந்த அரசாங்கத்தின் காலத்திலேயே அவர் தொடங்கிய அறம் நின்றது. இதனை எதிர்க்கட்சியார் சதி என்றும் சொல்வதற்கில்லை. வெள்ளையர் கொடுமை என்று மட்டும் சொல்லிக் கைகழுவுவதற்கும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்புக்குரிய பணத்தை வேறு தலைப்பிற் செலவிடலாகாது என்னும் விதியே வென்றது. அவ்விதி பொதுப்பணத்துக்குக் காவலாக ஏற்பட்டது, வேண்டுவதுதான். ஆனால், பலகையும் பெஞ்சும் சுண்ணக்கட்டியும் கல்வி, அப்பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் உயிர் கல்வியன்று என்று வகுத்தவர் எவரோ, அவர் கணக்கிற் புலவராயிருக்கலாம். கல்வியில் அகரமும் அறியாதவர் என்றே யாம் சொல்வோம்.

ஈராண்டு கழிந்தது. மீண்டும் வேண்டுகோள்கள் எழுந்தன. அதன் பயனாக, 25 பள்ளிகளைச் சார்ந்த ஏழைப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,000 பேர்க்கு மட்டும் உணவளிக்க அரசாங்கம் இசைந்தது. அணைந்த விளக்கு சிறு திரியாக மீண்டும் எரிந்தது என்னலாம்.

நிற்க. நகரத் தலைவர்க்குரிய அதிகாரம் எத்தகையது என்பதை இவ்விடத்தில் விளக்குதல் வேண்டும். இல்லையேல் தியாகராயர் செய்ததன் அருமை விளங்காது. பணப்பெட்டியின் திறவுகோல் அவர் கையில் இல்லை. உத்தியோகஸ்தரை நியமிப்பதும் ஏவுவதும் கமிஷனர் வேலை. கல்விச் சட்டமோ மாகாண அரசாங்கத்தார் கையில். தலைவர்க்கு எஞ்சியது நாற்காலி ஒன்று, சபையில் ஒரு பொருளை முன்வைத்து அதன்பாற் பலர் மனத்தைத் திருப்பும் நா ஒன்று. 1933ஆம் ஆண்டில் அப்பதவிக்கு மேயர் என்னும் பழம்பெயர் மீண்டும் சூட்டப்பட்டு, ராஜா சர் முத்தையா செட்டியார் முதல் மேயரானார். 1937ஆம் ஆண்டில் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயராகி, ஆதிதிராவிட மரபிலிருந்து அந்நாற்காலியில் அமர்ந்த முதல்வர் என்னும் புகழ் பெற்றார். திண்ணைப் பள்ளியில் ஏற விடப்படாத மக்களின் வழிவந்தவர் நகரத்துப் பள்ளிகளின் சபைக்குத் தலைவரானது அற்ப மாறுதலன்று. எனினும் பெயர் மாறினும் ஆள் மாறினும் அதிகாரத்தின் அளவு பெரிதும் மாறவில்லை. ஆண்டுதோறும் ஒரு மேயர் என்னும் வழக்கமும் தொல்லையாயிற்று. பள்ளிக்கூடம் ஓராண்டுப் பயிரன்று. விதைத்தவர் அறுவடைக்கு முன் வெளியேறினால், வருபவர் தம் விதையைத் தேடுவார்.

வங்காள மாகாணத்தில் வேறொரு வகையாய் நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டில் கல்கத்தா நகரின் முதல் மேயராகத் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்தபோது, நிர்வாகத் தலைமை அதிகாரியாகச் சுபாஷ் சந்திர போஸ் நியமிக்கப்பட்டார். தலைவரும் நிர்வாகியும் ஒரே நெஞ்சினராக அமைந்தமையால், இலவச ஆரம்பப் பள்ளிகள் அந்நகரிற் பெருகலாயின. அவ்வாண்டிலேயே போஸ் சிறைப்பட்டார். மறு ஆண்டு தாஸ் மறைந்தார். பள்ளிகள் நின்றன. ஒருவர் தொடங்கிய காரியம் அவர்க்குப்பின் நிற்பது சபையின் கணக்கில் அது எத்துணை ஆழமாக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது போலும்.

சென்னைச் சிற்றுண்டியின் பிற்கால வரலாறு நம்மிற் பலர் அறிந்ததே. 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர், ஊரார் நன்கொடையும் அரசாங்கப் பொருளும் சேர்த்து மதிய உணவை மாகாணமெங்கும் பரப்பினார். 1982ஆம் ஆண்டு ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவு என்னும் பெயரால் அதனைப் பெரிதும் விரித்தார். ஓரூர்ச் சபையின் பிரேரணை நாட்டின் வழக்கமாயிற்று. பிற மாநிலத்தாரும் கண்டு பின்பற்றினர். ஆனால் அப்பிரேரணை பிறந்த சபையோ 1973ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டு, 1996ஆம் ஆண்டு வரை மேயரும் உறுப்பினரும் இன்றி உத்தியோகஸ்தர் கையிலேயே இருந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, பள்ளியும் கல்லூரியும் முடித்து, வேலைக்கும் சென்றுவிடும் காலம் அது. அத்தனை காலமும் ஒரு பள்ளியின் ஓட்டை ஓட்டைப் பற்றியோ, ஆசிரியர் இன்மையைப் பற்றியோ சபையில் எழுந்து கேட்பார் எவரும் இலர். 2016 முதல் 2022 வரை மற்றும் ஒரு முறை அந்நிலை நேர்ந்தது.

1996ஆம் ஆண்டில் நகரமக்களே நேராக வாக்களித்து மேயரைத் தேர்ந்தனர். அங்ஙனம் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மு. க. ஸ்டாலின். அவர் முதலமைச்சரானபின், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்குக் காலைச் சிற்றுண்டி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் மதுரையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். மறு ஆண்டு ஆகஸ்டில் 31,008 பள்ளிகட்கு அது விரிந்தது. கட்சிப் பற்று நம் சங்கத்துக்கு இல்லை. ஒவ்வொரு கட்சியிலும் நம்மவர் உளர். யாம் கவனித்தது இதுவே: காலையில் உண்ணாது வரும் பிள்ளைக்குச் சிற்றுண்டி என்னும் எண்ணம், நகர சபையில் தோன்றிச் சரியாக 102 ஆண்டுகளுக்குப்பின், நகர மேயராயிருந்த ஒருவர் காலத்திலேயே மீண்டும் முளைத்தது. தெருவோடும் பள்ளியோடும் பழகிய பதவி அவ்வெண்ணத்துக்கு ஏற்ற நிலமாகின்றது என்றே தோன்றுகின்றது.

நம்மவரிடம் இதனைச் சொல்லும்போது இரண்டு விடைகள் வருகின்றன. அவற்றையும் மறைக்காமல் எழுதுகின்றோம். மாநகராட்சிப் பள்ளியில் இப்போது நம் பிள்ளைகள் படிப்பதில்லை, ஆதலின் அப்பேச்சு நமக்கெதற்கு என்பது ஒன்று. நம் பிள்ளைகள் என்று சொல்வோர் எவர் பிள்ளைகளைச் சொல்கின்றனர் என்பதே எம் ஐயம். சங்கக் கூட்டத்துக்குக் காரில் வருவோர் பிள்ளைகள் அங்கே இல்லை என்பது உண்மை. கூட்டத்துக்கு வர வெட்கப்பட்டு வாராதிருக்கும் உறவினர் பிள்ளைகள் அங்கே உளர். சங்கத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பம் எழுதுவோர் பெரும்பாலும் அவர்களே. ஆண்டுதோறும் நாம் அளிக்கும் நோட்டுப் புத்தகங்களும் சிறு தொகைகளும் அவர்க்கு உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆண்டில் ஒரு நாள் நாம் அளிப்பதனினும், ஆண்டு முழுதும் அவர்கள் அமரும் பள்ளியின் நிலை பன்மடங்கு பெரிது.

மற்றொன்று வரியைப் பற்றியது. சென்னையில் வீடு உடைய அன்பர்கள் தம் சொத்துவரிக் கணக்கைப் பார்ப்பாராயின், பொதுவரியோடு கல்வி வரி என ஒரு கூறும் அதிற் சேர்ந்திருப்பதைக் காண்பார்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த வரி அது. நாம் அதனைக் கட்டிக்கொண்டே, அது கல்வி வரி என்பதை அறியாதிருக்கின்றோம். அறிந்தவர் கட்டுவதை நொந்துகொள்கின்றனர். 1688ஆம் ஆண்டு வணிகர் வரியை எதிர்த்தனர், பள்ளியும் பெறவில்லை. நாமோ வரியைக் கொடுக்கின்றோம், பள்ளியைக் கேட்பதில்லை. எது பெரிய நட்டம் என்பதை வாணிகம் அறிந்த நம் அன்பர்களே கணக்கிட்டுக்கொள்க. வட்டாரத்து மாமன்ற உறுப்பினரிடம் சாக்கடைக்காகப் பத்து முறை மனுக் கொடுத்தவர்கள், அவ்வட்டாரப் பள்ளியில் கணித ஆசிரியர் உளரா, கழிப்பிடத்தில் நீர் வருகின்றதா என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா? கேட்டவர் இருவர் மூவரை யாம் அறிவோம். கேட்ட இடத்தில் சிறிது பயன் விளைந்ததையும் அறிவோம்.

ஈண்டுச் சென்னையைப் பற்றி மட்டுமே எழுதினோம். மதுரை, கோவை, சேலம் முதலிய நகரங்களின் சபைகளும் கல்விக்குச் செய்தன உள. அவற்றுட் சில சென்னையினும் சிறந்தன என்று அவ்வூர் அன்பர்கள் சொல்வார்கள். அவ்வூர்களிற் பழைய நகர சபை அறிக்கைகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் காத்து வைத்திருப்போர் எமக்கு எழுதியனுப்பின், பிறிதோர் இதழில் அவற்றை ஆராய்வாம்.